இரண்டு திருகுகள், பதினோரு கேசட்டுகள்

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் கடைசியாக எப்போது பாடியது என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. வானொலியும் கேசட் பகுதியும் ஒரே பெட்டியில் அமைந்த, ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட மோனோ கருவி அது. 1980களின் முற்பாதியில் வீட்டுக்கு வந்து, அந்தப் பத்தாண்டு முழுவதும் கூடத்து அலமாரியின் மேல்தட்டில் இருந்து, பிறகு பரணுக்குப் போனது. அதனுடன் ஒரு அட்டைப் பெட்டியில் அக்கா பதிந்த பதினோரு கேசட்டுகளும், காசு கொடுத்து வாங்கிய நான்கைந்து ஆல்பங்களும் கிடந்தன. அக்காவின் பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் என் திட்டம். நல்ல நிலையில் உள்ள வேறொரு கேசட் கருவியை இரவல் வாங்கியிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய வேலைதான். பதிந்த கருவியிலேயே கேட்க வேண்டும் என்ற பிடிவாதத்தால் அது இரண்டு மாதம் ஆயிற்று.

மின்சாரம் கொடுத்தபோது வானொலி பேசியது. கேசட் பகுதியில் மோட்டார் சுழலும் சத்தம் மட்டும் கேட்டது, நாடா நகரவில்லை. இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது பெல்ட்டைத்தான். மோட்டாரின் சுழற்சியைக் கனமான ஃப்ளைவீல் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் ரப்பர் பெல்ட், நாற்பது ஆண்டுகளில் அறுந்துபோவதில்லை, உருகிப்போகிறது. பின்மூடியின் ஆறு திருகுகளைக் கழற்றி, ஒலிபெருக்கிக் கம்பிகளை அடையாளமிட்டுப் பிரித்து, இயங்குபகுதியை வெளியே எடுத்தபோது பெல்ட் இருந்த இடத்தில் தார் போன்ற கறுப்புக் கூழ்தான் இருந்தது. அதைத் தொட்ட விரல், விரல் பட்ட துணி, துணி பட்ட மேசை என்று எல்லாம் கறுத்தன. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியாலும் பல் குத்தும் குச்சியாலும் கப்பிகளின் பள்ளங்களைத் துடைத்து முடிக்க ஒரு மாலை முழுதும் போயிற்று. அரைகுறையாகத் துடைத்துவிட்டுப் புதுப் பெல்ட்டை மாட்டினால், மிச்சமிருக்கும் பிசின் அதையும் பிடித்து இழுத்து வேகத்தைத் தள்ளாட வைக்கும் என்பதால் இதில் பொறுமை காட்டியே ஆகவேண்டும்.

பழைய பெல்ட்டின் அளவு தெரியாதபோது, கப்பிகளைச் சுற்றித் தையல் நூலை ஓட்டி அளந்து, அந்தச் சுற்றளவில் ஐந்தாறு விழுக்காடு குறைவாகப் புதியதை வாங்க வேண்டும். எனக்கு நூல் காட்டியது 221 மில்லிமீட்டர். 208 மில்லிமீட்டர் பெல்ட் சரியாகப் பொருந்தியது. நாடாவில் ஒலியை எழுதவும் படிக்கவும் செய்யும் ஹெட்டின் முகத்திலும், நாடாவை நகர்த்தும் கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டிலும் படிந்திருந்த பழுப்பு நிறப் பொடி ஆல்கஹாலுக்கு வந்துவிட்டது. நாடாவைத் தண்டோடு அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையை மட்டும் மிதமான சோப்புநீரால் துடைத்தேன்; ஆல்கஹால் ரப்பரை உலர்த்திவிடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு விபத்து நேரப் பார்த்தது. இவ்வகைக் கருவிகளில் பதிவுக்கும் ஒலிப்புக்கும் இடையே சுற்றை மாற்றுவது, நீளமான, பல தொடுமுனைகள் கொண்ட ஒரு நகரும் ஸ்விட்ச். அதைத் துப்புரவுத் தெளிப்பான் கொண்டு கழுவியபின் அது பதிவு நிலையிலேயே பாதியில் நின்றுவிட்டதைக் கவனிக்காமல் பிளே பொத்தானை அழுத்திவிட்டேன். உள்ளே இருந்தது வேண்டாத ஒரு கேசட் என்பதால் தப்பித்தேன். அன்றிரவே அக்காவின் பதினோரு கேசட்டுகளையும் எடுத்துப் பார்த்தால், ஒன்றில்கூட மேல்விளிம்பின் பிளாஸ்டிக் காதுகள் உடைக்கப்படவில்லை. உடைத்திருந்தால் பதிவுப் பொத்தான் அழுந்தவே அழுந்தாது. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாதுகாப்பின்றிக் கிடந்த இருபத்திரண்டு காதுகளையும் சிறிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்த பிறகுதான் தூங்கப் போனேன்.

கேசட்டுகளின் நிலைமை கலவையாக இருந்தது. மூன்றில், நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு கம்பளித் துண்டு பசை விட்டுப்போய் உள்ளே உருண்டுகொண்டிருந்தது. ஐந்து திருகுகளால் மூடப்பட்ட கூடுகள் என்பதால் அவற்றைத் திறந்து, வெற்றுக் கேசட்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளைப் பொருத்த முடிந்தது. ஒன்றில், தொடக்கத்தில் வரும் நிறமற்ற பிளாஸ்டிக் நாடா பழுப்பு நாடாவிலிருந்து பிரிந்திருந்தது. அதை ஒட்டும்போது, ஹெட்டைத் தொடாத பின்புறத்தில், அதற்கென்றே விற்கும் ஒட்டுநாடாவை மட்டுமே பயன்படுத்த வேண்டும். சாதாரண ஒட்டுநாடாவின் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று 120 நிமிடக் கேசட். 60 நிமிடக் கேசட்டின் நாடா சுமார் 18 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் என்றால், 120 நிமிடத்துக்குரியது அதில் பாதிதான். இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் ஓடும் என்ற ஆசையில் வாங்கி, கருவி கடித்துக் குதறிய பின் திட்டுவது அக்காலத்தில் வழக்கமாக நடந்தது. அதை ஆறுமுனைப் பென்சிலைச் சக்கரத்தில் செருகி, கையாலேயே இறுதிவரை ஒருமுறை சுற்றித் தளர்வை எடுத்தேன். அந்தப் பென்சில் கேசட்டின் ஆறு பற்களுக்கும் அளவெடுத்ததுபோல் பொருந்துவது இன்றைக்கும் வியப்பாகவே இருக்கிறது.

இனி, முதல் திருகு. மோட்டாரின் பின்புறத்தில் ஒரு சிறு துளையும், அதனுள் வேகத்தை மாற்றும் ஒரு திருகும் இருக்கின்றன. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும் என்பது ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இதை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து மாறாத விதி. அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கிய லூ ஓட்டன்ஸ், கோட்டுப் பையில் அடங்க வேண்டும் என்பதற்காக ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அதையே கருவியின் அளவாக வைத்தார் என்பார்கள். 3150 ஹெர்ட்ஸ் சீரான ஒலி பதிந்த சோதனைக் கேசட்டை ஓட்டி, செல்பேசியில் அலைவெண் காட்டும் செயலியை ஒலிபெருக்கி முன் வைத்தேன். எண் 3228இல் நின்றது. இரண்டரை விழுக்காடு வேகம் அதிகம். முதுமையால் வந்த கோளாறு என்று நானே முடிவு கட்டி, திருகை நூலிழையளவு திருப்பி 3150க்குக் கொண்டுவந்தேன்.

இரண்டாவது திருகு ஹெட்டின் பக்கத்தில், சுருள்வில்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஹெட்டின் நடுவில் உள்ள நுண்ணிய பிளவு, நாடா ஓடும் திசைக்கு மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். அந்தக் கோணத்தைச் சரிசெய்வதே இதன் வேலை. எவ்வளவு சரியாக என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரிகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை, நாடாவின் மேல் ஐந்து மைக்ரானுக்கும் குறைவான நீளத்தில் எழுதப்படுகிறது. மோனோ தடத்தின் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். ஆகவே பிளவு ஒரு டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சாய வேண்டியதில்லை. தடத்தின் மேல்முனையும் கீழ்முனையும் ஒரு முழு அலை தள்ளிப்போய், அந்த ஒலி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். கேட்பவருக்குப் பாடல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். சோதனைக் கேசட்டின் 10,000 ஹெர்ட்ஸ் ஒலி மிக உரக்கக் கேட்கும் இடத்தில் திருகை நிறுத்தினேன். நல்லவேளையாக, திருப்புவதற்கு முன் அதன் பழைய நிலையை நகப்பூச்சுக் கோட்டால் குறித்து வைத்திருந்தேன்; இந்தப் பழுதுபார்ப்பில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

விலைகொடுத்து வாங்கிய ஆல்பம் ஒன்றைப் போட்டேன். அந்தக் கருவியில் அப்படி ஒரு தெளிவை நான் கேட்டதே இல்லை. தாளத்தட்டுகளின் சிலிர்ப்பும், பாடகர் மூச்சிழுப்பதும் தனித்தனியாக வந்தன. பெருமிதத்தோடு அக்காவின் முதல் கேசட்டைப் போட்டேன். சொற்கள் புரிந்தன, அவ்வளவுதான். எல்லாமே மந்தமாக, தடித்த திரைக்குப் பின்னால் நடப்பதுபோல் இருந்தது. நாடா கெட்டுவிட்டது, தாமதித்துவிட்டேன் என்று ஒரு வாரம் கருவியைத் தொடவே மனம் வரவில்லை.

நாடா கெடவில்லை என்று உணர்த்தியது ஒரு பழைய நினைவுதான். அக்காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு உறுதியான நம்பிக்கை இருந்தது: விற்பனைக்கு வரும் கேசட்டுகள் தரம் குறைந்தவை, அக்கா பதிந்தால்தான் தெளிவு. தோழிகள் தரும் கேசட்டுகளும் எங்கள் வீட்டில் மந்தமாகவே ஒலிக்கும். அக்கா உதட்டைப் பிதுக்கி, “அவங்களுக்குப் பதியத் தெரியலை” என்பாள். நாங்களும் அதை நம்பினோம். உண்மையில் எங்கள் கருவியின் ஹெட் பிறவியிலேயே சாய்ந்திருந்திருக்கிறது. அதே சாய்வில் எழுதி அதே சாய்வில் படிக்கும்வரை ஒன்றும் தெரியாது. நேராக எழுதப்பட்ட பிறருடைய நாடாக்கள்தாம் குற்றவாளிகளாகத் தெரியும். நான் ஹெட்டை நிமிர்த்தியதும் உலகம் முழுவதும் தெளிந்து, அக்கா மட்டும் மங்கிப்போனாள். நகப்பூச்சுக் கோட்டுக்குத் திருகைத் திருப்பினேன். முதல் கேசட் அப்படியே விழித்துக்கொண்டது.

வேகத்துக்கும் இதே கதைதானா என்ற கேள்வி எழுந்தது. அதற்கான சாட்சி மூன்றாவது கேசட்டில் கிடைத்தது. அக்கா சிற்றலையில் பிபிசி உலகச் சேவையின் இசை நிகழ்ச்சியைப் பதிந்துகொண்டிருந்தபோது மணி ஆகிவிட, பாடலுக்குப் பின் நேரக்குறி ஒலிகள் ஐந்து சிறியதும் ஒன்று நீண்டதுமாக நாடாவில் ஏறியிருந்தன. அந்த ஒலிகளின் அலைவெண் 1000 ஹெர்ட்ஸ். ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக ஒரு விநாடி. மோட்டாரை நான் திருத்திய வேகத்தில் ஓட்டி அளந்தால் 976 ஹெர்ட்ஸ் வந்தது. பதியும்போது நாடா இரண்டரை விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடியிருந்தால்தான் இந்த எண் வரும். 3150க்குப் பதில் 3228 என்று கருவி காட்டியதும் அதே இரண்டரை விழுக்காடு. முதுமை காரணமில்லை, வந்த நாள் முதல் அது ஓட்டமாகவே ஓடியிருக்கிறது.

இது தெரிந்ததும் வேறு பல புதிர்கள் தாமாக அவிழ்ந்தன. பக்கத்துக்கு 30 நிமிடம் என்று கணக்குப் பார்த்து அக்கா பாடல்களைத் திட்டமிடுவாள்; ஆனால் கடைசிப் பாடல் எப்போதும் முடிவதற்குள் அறுபடும். இந்த வேகத்தில் 30 நிமிட நாடா 29 நிமிடம் 16 விநாடியில் தீர்ந்துவிடும். ஏமாற்றுக் கேசட் என்று நாங்கள் திட்டியது வீண். அதைவிட முக்கியமானது, வாங்கிய ஆல்பங்கள் இந்தக் கருவியில் ஏறக்குறைய அரைச் சுருதிக்கும் குறைவாக, ஆனால் காதுக்குத் தெரியும் அளவில் உயர்ந்து, கொஞ்சம் துள்ளலாக ஒலித்திருக்கின்றன. சிறுவயதில் மனப்பாடமான பாடல்களை இப்போது இணையத்தில் கேட்கும்போது அவை களைத்துப்போனதாகத் தோன்றுவதற்கு என் வயதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வேகத்தை 3150இலேயே விட்டுவிட்டு, ஹெட்டை மட்டும் பழைய சாய்வில் வைத்து, ஹெட்போன் செருகும் துளையிலிருந்து கம்பி எடுத்துக் கணினியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்புகளாகப் பதிந்தேன். வேக வேறுபாட்டைப் பிறகு மென்பொருளில் திருத்துவது எளிது. சாய்வால் இழந்த ஒலியை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு.

பதிவுகளை உட்கார்ந்து முழுவதும் கேட்க வேண்டியிருந்ததால் அந்த வருடங்களும் திரும்பி வந்தன. பாடல்களுக்காக அல்ல, அவை எல்லாம் இன்று விரல்நுனியில் கிடைக்கின்றன. கிடைக்காதவை இடையில் இருப்பவை. அறிவிப்பாளர் பேசி முடிக்கும்வரை பாஸ் பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்து, முதல் இசைக்கணத்தில் விடுவிக்கும் அந்தத் தருணம் ஒவ்வொரு பாடலின் தலையிலும் ஒரு சிறு வழுக்கலாகப் பதிவாகியிருக்கிறது; உருளை நாடாவைப் பற்றி வேகம் பிடிக்கும் கால் விநாடி அது. சில இடங்களில் விரல் முந்திவிட்டது, அறிவிப்பாளரின் கடைசிச் சொல்லின் வால் ஒட்டியிருக்கிறது. இப்படி வீட்டில் பதிவது இசைத்தொழிலைக் கொல்கிறது என்று பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் 1981இல் கேசட்டை மண்டையோடாக வரைந்து பிரசாரம் செய்தன. பள்ளிப் பாடத்தை விட்டுவிட்டு ஒரு பாடலுக்காக மூன்று மாலை காத்திருந்த அக்கா, அந்தக் கணக்குப்படி ஒரு கொலைகாரி.

ஆறாவது கேசட்டின் முதல் பக்கம், தொலைக்காட்சியில் வந்த நிகழ்ச்சி. இரண்டையும் இணைக்கும் கம்பி எங்களிடம் இல்லாததால், கருவியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் முக்காலியில் வைத்து, உள்ளமைந்த மைக்கில் பதிந்தது. வீட்டில் எவரும் பேசக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. அது எவ்வளவு மீறப்பட்டது என்பது முழுவதும் பதிவாகியிருக்கிறது: நாற்காலி நகரும் ஓசை, அடக்கப்பட்ட ஒரு தும்மல், அடக்க முடியாத அடுத்த தும்மல், “யாருடா அது” என்ற அக்காவின் கிசுகிசுப்பு, கதவருகே அம்மா எதையோ கேட்டு எல்லோரும் ஒரே குரலில் “உஷ்” என்பது. தும்மியது நான். இந்தக் கோப்பில் இரைச்சல் நீக்கும் வேலை எதையும் செய்யவில்லை. எது இரைச்சல் என்று மென்பொருளுக்கு எப்படிச் சொல்வது?

உறைகளில் தேதி இல்லாததால், வரிசையைக் கண்டுபிடிக்க இத்தகைய எச்சங்களே உதவின. எட்டாவது கேசட்டில் ஒரு பாடல் முடிந்ததும் நிறுத்த மறந்ததால் செய்தி ஓடுகிறது. சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73ஆம் விநாடியில் சிதறியதைப் பற்றிய செய்தி. ஆகவே அது 1986 ஜனவரி 28 இரவோ அதற்கடுத்த ஓரிரு நாட்களோதான். இருபது விநாடிக்குப் பிறகு நாடா சட்டென்று அறுபட்டு, அடுத்த பாடல் உற்சாகமாகத் தொடங்குகிறது. அந்த வெட்டில் அலட்சியம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பாடல் பதிய நாடாவைச் சேமிக்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

ஏழாவது கேசட் என்னை இரண்டு நாள் குழப்பியது. முதல் பக்கம் நகப்பூச்சுக் கோட்டில் தெளிவாக ஒலித்தது. இரண்டாம் பக்கம் மந்தமாகவே இருந்தது. திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக எதிர்ப்புறம் திருப்பியதும் அது தெளிந்தது. எங்கள் கருவியின் சாய்வும் அல்ல, சோதனைக் கேசட்டின் நேர்க்கோடும் அல்ல, மூன்றாவதாக ஒன்று. உற்றுக் கேட்டால் பாஸ் பொத்தானின் வழுக்கல்களும் இல்லை, அறிவிப்பாளரின் வால்களும் இல்லை. வேறொரு வீட்டில், இரண்டு கேசட் பெட்டிகள் கொண்ட கருவியில், நகலெடுத்தது. ஆனால் உறையில் அக்காவின் எழுத்து. அதுவும், எங்களைப் படுக்கச் சொல்லிவிட்டு இரவெல்லாம் விழித்துப் பதிந்ததாக அவள் பெருமை பேசிய கேசட். தொலைபேசியில் கேட்டேன். நீண்ட மௌனத்துக்குப் பிறகு, “அதை எப்படிடா கண்டுபிடிச்சே?” என்றாள். ஹெட்டின் சாய்வைப் பற்றி நான் விளக்கத் தொடங்கியதும், தோழியின் அண்ணன் வைத்திருந்த கருவியைப் பற்றி அவள் வேகவேகமாக வேறு ஏதேதோ சொல்லிப் பேச்சை மாற்றினாள்.

அடுத்த மாதம் அவள் வந்திருந்தபோது, கோப்புகளைக் கேட்பதற்கு முன் கருவி ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றாள். தன் பதிவுகளில் ஒன்றைக் கேட்டு, சுருதி இறங்கியிருக்கிறதே என்று முகம் சுளித்தாள். பிறகு, நாங்கள் நாடா தேயும்வரை ஓட்டிய, விலைக்கு வாங்கிய ஆல்பத்தைப் போடச் சொன்னாள். விதிப்படியான வேகத்தில், 3150 ஹெர்ட்ஸ் திருத்தத்தில், அது ஓடியது. ஒரு பல்லவி முடிவதற்குள், “என்னத்தையோ மாத்தி வச்சிருக்கே. தூங்கி வழியுது பாட்டு” என்றாள். இதுதான் சரியான வேகம், நாம் அன்று கேட்டதுதான் தவறு என்று பிபிசி நேரக்குறியை ஓட்டிக் காட்டி, எண்களோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி, பழையபடி வை” என்றாள்.

பின்மூடியை மறுபடியும் கழற்றி, மோட்டாரின் துளைக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டு, செல்பேசித் திரையில் 3228 வரும்வரை திருகினேன். இப்போது பேட்டரி அறையின் உட்புறத்தில் ஒரு சிறு காகிதம் ஒட்டியிருக்கிறது. எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவர் என்னைப் போலவே அவசரப்படக்கூடும் என்பதால் அதில் எழுதியிருப்பது: “வேகம் 3228. ஹெட், கோட்டில். இரண்டையும் திருத்த வேண்டாம்.”